அவன் பழக வேண்டிய சொல்

ஓமலூரில் என் பழைய மாணவி தேனிலவுக்குப் பாலித் தீவு போகிறாள். கைபேசியில் இந்தோனேசிய மொழி பழகியிருக்கிறாள். "நன்றிக்குத் தெரிமா காசிங்கம்மா. கடைக்காரன் தொந்தரவு பண்ணினா டிடாக் மாவ். வேண்டாம்னு அர்த்தம்."

கடல் கடக்கும் ஆண் பெண்ணை உடன் கொண்டுசெல்வதில்லை என்றது தொல்காப்பியம். இன்று கொண்டுசெல்கிறான். ஆனால் கடைக்காரனிடம் செல்லுபடியாகும் "வேண்டாம்", அறைக்குள் கணவனிடம் செல்லாது. 18 வயது நிரம்பிய மனைவியிடம் கணவன் செய்வது வன்புணர்வு ஆகாது என்கிறது பாரதிய நியாய சன்ஹிதா 63ஆம் பிரிவின் விலக்கு. 1860இல் வெள்ளைக்காரன் எழுதியது. 2023இல் நாமே மறுபடி எழுதிக்கொண்டோம். வயது வரம்பு மட்டும் உயர்ந்திருக்கிறது.

மகளே, நீ பழகியது போதும். அவன் ஒரு சொல் பழகட்டும், தமிழிலேயே: வேண்டாம். சட்டத்துக்கு அதைக் கற்றுக்கொடுப்பது நம் எல்லோருடைய வேலை.