இனுக்காவை எழுப்பாம விட்டது பாவமா?



சித்ரா பௌர்ணமி அன்னதான வேலைக்கு நடுவுல வந்த பேச்சு இது. கோயில் வாட்ஸ்அப் குழுவிலயும் ரெண்டு நாளா இதுதான் ஓடுது. அங்க ஒரு வரி ரெண்டு வரியா வாதம் பண்ண எனக்கு வராது. அதனால நான் நினைக்கிறதை இங்க முழுசா எழுதிடறேன். கொஞ்சம் நீளம், பொறுத்துக்குங்க.

மண்டாய் விலங்குத் தோட்டத்துல இருந்த நம்ம பனிக்கரடி இனுக்கா புதன்கிழமை, ஏப்ரல் 25 காலையில போயிடுச்சு. 27 வயசு. 1990 டிசம்பர் 26ஆம் தேதி இங்கயே பிறந்தது. வெப்ப நாட்டுல பிறந்த முதல் பனிக்கரடி. சிங்கப்பூர்ல பிள்ளை வளர்த்தவங்க பாதிப்பேர் அதைக் காட்டித்தான் பிள்ளைக்குச் சோறு ஊட்டியிருப்போம். என் மூத்தவ கண்ணாடியில மூக்கை ஒட்டிக்கிட்டு நிப்பா, கூப்பிட்டாலும் வரமாட்டா.

இனுக்கா தானா சாகல. பரிசோதனைக்காக மயக்க மருந்து கொடுத்தாங்க, பார்த்தாங்க, அப்புறம் அந்த மயக்கத்துலேருந்து எழுப்ப வேணாம்னு முடிவு எடுத்தாங்க. இதுதான் சண்டைக்குக் காரணம். சமையல் கட்டுல எங்களுக்கெல்லாம் மூத்தவங்க ஒரு அக்கா. அவங்க சொன்னது: "அதோட கர்மாவை அது அனுபவிச்சுத் தீர்க்க விடணும். இடையில அறுத்துவிட நாம யாரு தம்பி?" அக்கா விளையாட்டுக்குப் பேசுறவங்க இல்ல. எறும்பு இருந்தாக்கூட ஒதுக்கிவிட்டுத்தான் கோலம் போடுவாங்க. அதனாலதான் பதில் சொல்லணும்னு தோணுது.

முதல்ல அது எப்படி இருந்துச்சுன்னு பாக்கணும். மனுசக் கணக்குல எழுபது தாண்டின கிழவன். மூட்டுவாதம், பல் கோளாறு, காதுல அப்பப்ப சீழ். அஞ்சு வருசமா வைத்தியம் நடந்துக்கிட்டுதான் இருந்துச்சு. ஏப்ரல் 3ஆம் தேதி பரிசோதனையில கைகால் ரொம்பத் தளர்ந்துட்டது தெரிஞ்சுது. நடக்கமுடியாம பாதத்தை இழுத்து இழுத்து உள்ளங்கால் தேஞ்சு புண்ணாயிடுச்சு. வயித்துலயும் புண். மூணு வாரம் மருந்து போட்டுப் பார்த்தாங்க. 25ஆம் தேதி மறுபடி பார்த்தப்ப புண் ஆறல. ஐநூறு கிலோ உடம்பை அந்தக் காலு தாங்கணும், யோசிச்சுப் பாருங்க.

இன்னொரு உயிரைப் பத்தியும் சொல்லணும். இனுக்கா போறதுக்கு நாலு நாள் முன்னாடி, ஏப்ரல் 21 சனிக்கிழமை, சேலம் சுகவனேசுவரர் கோயில் யானை ராஜேஸ்வரி செத்துப் போச்சு. 42 வயசு. காலு முடியாம, எழுந்திரிக்க முடியாம, ஒருபக்கமாப் படுத்த படுக்கையாக் கெடந்துச்சு. மருத்துவர் பார்த்து, இனிமே வச்சிருக்கிறதுதான் கொடுமைன்னு சொன்னா கருணைக்கொலை பண்ணலாம்னு மெட்ராஸ் ஹைகோர்ட் மார்ச் மாசமே சொல்லிடுச்சு. ஆனா அந்த ஊசி போடல. அதுவாவே கெடந்து, அதுவாவே போச்சு. அந்த வீடியோவை நம்ம குழுவில போட்டப்ப எல்லாரும் கைகூப்புற படம்தான் போட்டோம், நானும்தான். யாரும் "பாவம்"ங்கிற வார்த்தையை எடுக்கல.

இந்த ரெண்டுல எது பாவம்?

இது புதுக் கேள்வி இல்ல. 1928ல சபர்மதி ஆசிரமத்துல ஒரு கன்னுக்குட்டி பொழைக்காதுன்னு ஆகி வலியில துடிச்சுச்சு. காந்தி பக்கத்துல நின்னு, டாக்டரை வச்சு ஊசி போட்டு முடிக்கச் சொன்னாரு. அகிம்சைன்னு ஊருக்கே சொன்ன மனுசன். திட்டி எக்கச்சக்கமாக் கடிதம் வந்துச்சு. அவர் பின்வாங்கல, பத்திரிகையிலயே பதில் எழுதினாரு. (நாளைக்கு மனுசனுக்கும் இப்படிப் பண்ணலாமான்னு கேப்பீங்க. மனுசன் வாய் திறந்து சொல்லுவான், அது வேற பேச்சு. இங்க வேணாம்.)

சரி, என் கதையையும் சொல்லிடறேன். ஜோகூர்ல அப்பா வீட்டுல ஒரு நாய் இருந்துச்சு, ராமு. பதினாலு வயசு. பின்னங்கால் விழுந்துடுச்சு. மிருக வைத்தியர் ஊசி போட்டுடலாம்னாரு. நான் பெரிய பக்திமான் மாதிரி, "வேணாம் டாக்டர், பாவம் வரும்"னு சொல்லி தூக்கிட்டு வந்துட்டேன். மூணு வாரம். மூத்திரத்துலயே கெடந்து, ஈ மொய்ச்சு, ராத்திரி பூரா முனகும். நான் சனி ஞாயிறு மட்டும் போய்ப் பார்த்துட்டு சிங்கப்பூர் திரும்பிடுவேன். முனகலைக் கேட்டது எங்கம்மா. இப்ப யோசிச்சா, நான் பயந்தது பாவத்துக்கு இல்ல. கையெழுத்துப் போடப் பயந்தேன். அதுக்குக் கர்மான்னு பேர் வச்சுக்கிட்டேன்.

மண்டாய் ஆளுங்க அப்படி ஓடல. வருசக்கணக்கா சோறு போட்டுக் குளிப்பாட்டினவங்க, கூடவே நின்னாங்க. அவங்களைக் கொலைகாரன்னு குழுவில எழுதியிருக்கிறதை மட்டும் தயவுசெஞ்சு அழிச்சிடுங்க.

பாவக் கணக்கு பாக்கணும்னா முன்னாடியே தொடங்கணும். பனியில வாழற ஜாதியை இந்த வெக்கையில வச்சதுக்கு என்ன கணக்கு? 2004ல முடிக்குள்ள பாசி பிடிச்சு அம்மாவும் பிள்ளையும் பச்சைக் கலர் ஆனதை நாம போட்டோ எடுத்துச் சிரிச்சோம். குளுகுளுன்னு புது இடம் கிடைச்சது 2013லதான். இனிமே பனிக்கரடி கொண்டுவர மாட்டோம்னு 2006லயே அவங்க சொல்லிட்டாங்க, அது நல்ல விசயம். கல்லுத் தரையில யானையைக் கட்டிவச்சு ஆசீர்வாதம் வாங்குற நாமளும் ஒரு நாள் அப்படிச் சொல்லணும். கோவம் வந்தா வரட்டும்.

வெள்ளிக்கிழமை பூசைக்கப்புறம் இனுக்காவுக்கும் ராஜேஸ்வரிக்கும் சேர்த்து மோட்ச தீபம் போட்டேன். "கரடிக்கு என்னண்ணே மோட்சம்"னு ரெண்டு தம்பிங்க சிரிச்சாங்க. காளத்தியில சிலந்திக்கும் பாம்புக்கும் யானைக்கும் கொடுத்த சாமிதானே, கரடிக்குக் கணக்குப் பாப்பாரா?

அக்கா நான் சொன்னதை இன்னும் ஒத்துக்கல. ஆனா அந்த விளக்குக்கு நெய் ஊத்தினது அவங்கதான்.

அன்னதானத்துக்குக் காய் வெட்ட இன்னும் ஆள் பத்தல. காலையில ஆறு மணிக்கு வந்துடுங்க, முடிஞ்சா கத்தி கொண்டு வாங்க.