11 மாத வீடும் ஐந்தாண்டு ஆய்வும்

திருவனந்தபுரத்துக்கு வரும் ஆய்வு மாணவர், கடற்காற்றை விரும்பிக் கோவளத்தில் வீடு தேடுவது இயல்பு. ஆனால் சனவரியில் எழுதப்படும் 11 மாத ஒப்பந்தம், சுற்றுலாப் பருவம் உச்சம் எட்டும் டிசம்பர் பிறக்கையில் முடிந்துவிடும். இடவப்பாதியும் துலாமழையும் குடியிருப்பவருக்கு. பருவத்தின் வருவாய் உரிமையாளருக்கு.

அந்தப் 11 தற்செயலன்று. ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்ய வேண்டும் என்பது 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டம். அதைத் தவிர்க்கப் பிறந்த வழக்கம் இது. ஒப்பந்தம் எதுவாயினும், சட்டம் கூறும் காரணமின்றி வாடகைதாரரை வெளியேற்றலாகாது என்கிறது கேரளத்தின் 1965ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம். எனினும் ஆய்வேட்டை விட்டு நீதிமன்றப் படியேற எம்மாணவருக்கு நேரமுண்டு?

ஆகவே நெடுநாள் தங்குவோர் முதலில் கேட்க வேண்டியது, வீட்டின் விலை இரவுக் கணக்கிலா, மாதக் கணக்கிலா என்பதே. கரமனையில் கடல் தெரியாது. காரியவட்டம் வளாகமும் தொலைவு. ஆனால் அக்கிரகாரத் தெருக்களும் தமிழ்ப் பேச்சும் கொண்ட அவ்வூர், பயணிகளை நம்பி வாழ்வதன்று. ஆற்றையொட்டிய வீட்டை மட்டும் துலாமழையில் ஒருமுறை பார்த்துவிட வேண்டும். பிறகு, மூன்றாண்டுப் பதிவுக் குத்தகையைத் தயங்காது கேட்க வேண்டும். காட்சியைவிட நிலைப்பே ஆய்வுக்குத் தேவை.