ஆபரேஷன் ஏன் எப்போதும் அவளுக்கே?

இரண்டாவது பிரசவம் முடிந்து, தையல் வலியோடு ஒரு பெண் வார்டில் படுத்திருக்கிறாள். ‘இதோட ஆபரேஷன் பண்ணிடலாமா?’ என்ற கேள்வி வருகிறது. பல நேரம் அது அவளிடம் கேட்கப்படுவதில்லை. கட்டிலருகே நிற்கும் மாமியாரிடமும், வெளியே காத்திருக்கும் கணவரிடமும் போகிறது. இரண்டில் ஒன்று ஆண்பிள்ளை என்றால் ‘பண்ணிடுங்க’ என்பார்கள். இரண்டும் பெண் என்றால் ‘இன்னொண்ணு பார்க்கலாம்’ என்பார்கள். அவள் உடம்பைப் பற்றிய முடிவு அவள் தலைக்கு மேலேயே நடந்து முடிகிறது.

2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் மணமான 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57.8 சதவீதம் பேர் கருத்தடை அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்கள். ஆண்களுக்கான அறுவைச் சிகிச்சையின் பங்கு 0.1 சதவீதம். நாடு முழுவதும் பார்த்தாலும் பெண்கள் 37.9, ஆண்கள் 0.3 என்றுதான் இருக்கிறது. ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 1.8 குழந்தை என்ற நம் மாநிலத்தின் கணக்கைப் பெருமையோடு சொல்கிறோம். பெண் கல்விக்கும், ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கும், வீடு வீடாக ஏறி இறங்கிய கிராம சுகாதார செவிலியர்களுக்கும் அதில் பங்கு உண்டு, பெருமை நியாயமானதே. ஆனால் அந்தக் கணக்கின் தழும்பு பெண்களின் வயிற்றில் மட்டுமே இருக்கிறது.

எப்போதும் இப்படி இருக்கவில்லை. 1950-களில் சென்னை மாநில அரசு பணம் கொடுத்து ஆண்களை இந்தச் சிகிச்சைக்கு அழைத்தது. 1971 ஜூலையில் எர்ணாகுளத்தில் நடந்த ஒரே முகாமில் 60,000-க்கும் அதிகமான ஆண்கள் செய்துகொண்டார்கள். பிறகு வந்தது நெருக்கடி நிலை. 1976-77-இல் ஏறத்தாழ 62 லட்சம் ஆண்களுக்கு அறுவை நடந்தது. மிரட்டியும் பிடித்து இழுத்தும் செய்யப்பட்டவை அவற்றில் ஏராளம். 1977 தேர்தலில் ஆளுங்கட்சி தோற்றதற்கான காரணங்களில் அதுவும் ஒன்று. அதன் பின் ஆண்களிடம் போகவே அரசுகள் அஞ்சின. எதிர்த்துப் பேச முடியாதவர்களிடம் போயின. 2014 நவம்பரில் சத்தீஸ்கரின் பிலாஸ்பூர் அருகே சில மணி நேரத்தில் 83 பெண்களுக்கு முகாமில் அறுவை செய்து, பத்துக்கும் மேற்பட்டவர்கள் இறந்தது அந்தப் பாதையில் நேர்ந்த கொடுமை. இத்தகைய முகாம்களை மூன்று ஆண்டுகளுக்குள் நிறுத்த வேண்டும் என்று 2016-இல் உச்ச நீதிமன்றம் சொல்ல வேண்டியிருந்தது.

‘அவர் உழைக்கிறவர், பாரம் தூக்குகிறவர், அவருக்கு வேண்டாம்’ என்பதுதான் வீடுகளில் சொல்லப்படும் காரணம். பெண்களே சொல்கிறார்கள். அப்படியென்றால் நாற்று நடுபவள் யார்? சித்தாளாகத் தலையில் செங்கல் சுமப்பவள் யார்? பெண்ணுக்கு வயிற்றைத் திறந்தோ துளையிட்டோ செய்ய வேண்டியிருக்கிறது. ஆணுக்கு, அந்த இடத்தை மட்டும் மரத்துப்போகச் செய்யும் ஓர் ஊசியுடன், தையல் இல்லாமல், சில நிமிடங்களில் முடிந்து அன்றே வீடு திரும்பலாம். மூன்று மாதம் வேறு பாதுகாப்பு முறையைக் கையாண்டு, பிறகு பரிசோதித்துக்கொண்டால் போதும். ஆண்மை போகாது, பலம் குறையாது. இதை மனைவி சொன்னால் கணவர் நம்பமாட்டார். சொல்வதற்கே அவளுக்குத் துணிவு வராது.

அறுவைச் சிகிச்சைக்கு முன்பும் அவளுக்கு மூச்சுவிட இடமில்லை. தாலி ஏறிய மூன்றாம் மாதமே ‘விசேஷம் ஏதும் உண்டா?’ என்ற விசாரிப்பு தொடங்கிவிடுகிறது. முதல் குழந்தையைத் தள்ளிப்போட நினைப்பவள் மீது ‘மலடி’ என்ற சொல் விழக் காத்திருக்கிறது. அதனால் மாத்திரையும் ஆணுறையும் பெரும்பாலான வீடுகளின் பேச்சிலேயே இல்லை. மாத்திரையின் பயன்பாடு தமிழ்நாட்டில் ஒரு சதவீதத்தைக்கூடத் தொடவில்லை. கல்யாணம், அவசரமாக இரண்டு குழந்தைகள், உடனே அறுவைச் சிகிச்சை. இருபதுகளின் நடுவிலேயே எல்லாம் முடிந்துவிடுகிறது.

இப்போது எதிர்த்திசையிலிருந்தும் குரல் வருகிறது. மக்கள்தொகையை வைத்து நாடாளுமன்ற இடங்களைப் பங்கிடும் தொகுதி மறுவரையறையைக் காரணம் காட்டி, உடனே குழந்தை பெற்றுக்கொள்ளுங்கள் என்று மணமக்களிடம் 2025 மார்ச்சில் நாகப்பட்டினத்தில் அப்போது முதல்வராக இருந்த ஸ்டாலின் கேட்டுக்கொண்டார். மக்கள்தொகையைக் கட்டுப்படுத்திய மாநிலம் அதற்காகத் தண்டிக்கப்படக் கூடாது என்ற வாதத்தில் நாமும் உடன்நிற்கிறோம். அந்தப் போராட்டம் நாடாளுமன்றத்திலும் நீதிமன்றத்திலும் நடக்கட்டும். கர்ப்பத்தடை நாட்டின் வறுமைக்காகவோ குடும்ப வசதிக்காகவோ மட்டுமல்ல, முதலில் பெண்ணின் விடுதலைக்காக வேண்டும் என்று வாதிட்டவர் பெரியார். அவர் பெயரைச் சொல்லும் மாநிலத்தில், எத்தனை பெறுவது என்று மேடையிலிருந்து சொல்வது பொருந்தாது.

வயது வந்த பெண்ணின் கருக்கலைப்புக்கு அவள் சம்மதம் ஒன்றே போதும் என்கிறது 1971-ஆம் ஆண்டுச் சட்டம். கருத்தடை அறுவைக்கும் துணைவரின் ஒப்புதல் தேவையில்லை என்பதே மத்திய அரசின் வழிகாட்டுதல். ஆனாலும் கணவரின் கையெழுத்து கேட்கப்படுகிறது. கேட்கக் கூடாது என்று மாநில சுகாதாரத் துறை எழுத்தில் உத்தரவிட வேண்டும். கருத்தடை பற்றிய பேச்சு பிரசவ வார்டில் தொடங்கக் கூடாது. ஐந்தாம், ஆறாம் மாதப் பரிசோதனைக்கு அவள் வரும்போதே, மாமியாரை வெளியே உட்காரவைத்து, அவளிடம் தனியாகப் பேச வேண்டும். கணவரை அழைத்து ஆண் சுகாதாரப் பணியாளர் தனியாகப் பேச வேண்டும். ஆண்டுதோறும் நவம்பர் 21 முதல் டிசம்பர் 4 வரை ஆண்களுக்கான கருத்தடை இருவாரம் கடைப்பிடிக்கப்படுகிறது. அந்த இரண்டு வாரத்தில் ஒவ்வொரு வட்டார மருத்துவமனையிலும் இந்தச் சிகிச்சையைச் செய்யப் பயிற்சி பெற்ற ஒரு மருத்துவர் இருக்கிறாரா என்பதை அரசு முதலில் எண்ணிப் பார்த்து, மாவட்ட வாரியாக வெளியிடட்டும்.