வக்கீலைத் தேடும் சமுதாயமே, வக்கீலை உருவாக்கு!



நள்ளிரவில் கதவு தட்டப்படுகிறது. வீட்டுப் பிள்ளையைக் காவல்துறை அழைத்துச் செல்கிறது. அப்போதுதான் நமக்கு ஞாபகம் வருகிறது, ‘யாராவது வக்கீல் தெரியுமா?’ என்று. கடைக்கு வரித்துறை நோட்டீஸ் வந்த பிறகு வக்கீலைத் தேடுகிறோம். வக்ஃபு நிலத்தில் எவனோ வேலி போட்ட பிறகு தேடுகிறோம். தாகம் எடுத்த பிறகு கிணறு வெட்டப் புறப்படுவது நம்முடைய பழக்கமாகவே ஆகிவிட்டது.

கைது செய்யப்பட்டவருக்குக் காரணம் சொல்லப்பட வேண்டும், அவர் விரும்பும் வழக்கறிஞரைக் கலந்து பேச அனுமதிக்க வேண்டும், 24 மணி நேரத்திற்குள் நடுவர் முன் நிறுத்த வேண்டும் என்று அரசியல் சட்டத்தின் 22-வது பிரிவு சொல்கிறது. ஏட்டில் இருக்கிறது உரிமை. அதைக் காவல் நிலைய வாசலில் நின்று கேட்பதற்கு ஆள் வேண்டாமா? 1998 கோவை குண்டுவெடிப்பு வழக்கை எடுத்துக்கொள்ளுங்கள். அப்பாவிகளின் உயிரைக் குடித்தவனுக்காக நாம் பரிந்து பேசவில்லை. ஆனால் அதே வழக்கில் கைதான அப்துல் நாசர் மதனி 9 ஆண்டுகளுக்கும் மேல் சிறையில் கிடந்து, 2007-ல் குற்றமற்றவர் என்று விடுவிக்கப்பட்டார். போன ஆண்டுகளை யார் திருப்பித் தருவார்?

சமுதாயத்தில் பொறியாளர்கள் பெருகிவிட்டார்கள். வளைகுடாவுக்குப் போனவர்கள் தெருவுக்குப் பத்துப் பேர். கடை முதலாளிகளுக்கும் குறைவில்லை. ஆனால் மஹல்லாவுக்கு ஒரு வழக்கறிஞர் உண்டா? விரலை மடக்கி எண்ணிப் பாருங்கள்.

வயது ஒரு தடையா?

‘எனக்கு வயது 35 ஆகிவிட்டது ஹஜ்ரத், கடையை விட்டு எங்கே படிப்பது?’ என்று கேட்கும் சகோதரர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இந்தக் கட்டுரை.

பட்டம் பெற்றவர்களுக்கு 3 ஆண்டு சட்டப் படிப்பு இருக்கிறது. 30 வயதைத் தாண்டியவர் சேரக் கூடாது என்று இந்திய பார் கவுன்சில் 2016-ல் மீண்டும் கொண்டுவந்த வரம்பை உச்ச நீதிமன்றம் 2017-ல் நிறுத்தி வைத்தது. அஞ்சல் வழியில் பட்டம் வாங்கியவரும் சேரலாம். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். பள்ளிப் படிப்பை முடிக்காமல் திறந்தவெளிப் பல்கலைக்கழகத்தில் நேரடியாகப் பட்டம் பெற்றவருக்கு சட்டக் கல்லூரியில் இடமில்லை. பத்து, பன்னிரண்டு, பிறகு பட்டம் என்று படிப்படியாக ஏறியிருக்க வேண்டும். பாதியில் படிப்பை விட்டுக் கடைக்கு வந்தவர்கள் இதைத் தெரிந்துகொண்டு முதலில் பன்னிரண்டாம் வகுப்பை முடிக்கட்டும்.

மதுரை, திருச்சி, கோவை, திருநெல்வேலி, வேலூர் போன்ற ஊர்களில் அரசு சட்டக் கல்லூரிகள் இருக்கின்றன. டாக்டர் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகம் மதிப்பெண் அடிப்படையில் சேர்க்கிறது. பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கு 2007-ல் கிடைத்த 3.5 சதவீத இடஒதுக்கீடு அங்கேயும் உண்டு. வீதியில் நின்று, மாநாடு கூட்டி, கோஷம் போட்டு வாங்கிய ஒதுக்கீடு அது. வாங்கிய பிறகு விண்ணப்பப் படிவம் வாங்கக் கூட ஆளில்லை என்றால், அது கைசேதம் அல்லவா?

மாலைக் கல்லூரி எங்கே?

பகலில் வேலை, மாலையில் சட்டக் கல்லூரி என்று படித்து வக்கீலானவர்கள் முந்தைய தலைமுறையில் உண்டு. இன்று நிலைமை வேறு. பார் கவுன்சிலின் 2008-ஆம் ஆண்டு சட்டக் கல்வி விதிகளின்படி, விடுதியோடு கூடிய முழுநேரக் கல்லூரி அல்லாத இடங்களில் வகுப்புகள் காலை 8 மணிக்கும் மாலை 7 மணிக்கும் இடையில்தான் நடக்க வேண்டும். 70 சதவீத வருகை வேண்டும். அஞ்சல் வழியில் வாங்கிய சட்டப் பட்டத்தை வைத்து வழக்கறிஞராகப் பதிவு செய்ய முடியாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ‘வீட்டிலிருந்தே வக்கீலாகலாம்’ என்று எவராவது சொன்னால் நம்பி ஏமாறாதீர்கள்.

இங்கேதான் புறவாசல் ஒன்று திறக்கிறது. பக்கத்து மாநிலத்தில் ஒரு கல்லூரி இருக்கிறதாம். பணம் கட்டினால் போதுமாம். பரீட்சைக்கு மட்டும் போய் வந்தால் போதுமாம். வருகைப் பதிவேட்டை அவர்களே பார்த்துக்கொள்வார்களாம். நம் கடைவீதிகளிலும் இந்தப் பேச்சு காதில் விழத்தான் செய்கிறது.

சகோதரனே, நிதானமாக யோசித்துப் பார். நீ வராத நாளில் வந்ததாக எழுதப்படுவது என்ன? பொய்ச் சாட்சி. பெரும்பாவங்களை எண்ணிச் சொன்ன நபி (ஸல்) அவர்கள், சாய்ந்திருந்தவர்கள் நிமிர்ந்து உட்கார்ந்து திரும்பத் திரும்ப எச்சரித்த பாவம் அது. பொய்ச் சாட்சியில் வாங்கிய பட்டத்தோடு நீதிமன்றத்தில் நின்று, எதிர்த்தரப்புச் சாட்சியைப் பார்த்து ‘நீ பொய் சொல்கிறாய்’ என்று எந்த நாக்கால் சொல்வாய்?

மார்க்கத்தை விடு, உலக நஷ்டத்தையும் கணக்குப் பார். 2010 முதல் அகில இந்திய பார் தேர்வு வந்துவிட்டது. அதில் தேறாமல் தொழிலைத் தொடர முடியாது. அது செல்லும் என்று 2023-ல் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வும் தீர்ப்பளித்தது. வருகை ஒழுங்காக இருந்ததா, படிக்கும்போது அனுமதியின்றி வேலை பார்த்தாரா என்றெல்லாம் மாணவரிடம் உறுதிமொழி வாங்கும்படி 2024 செப்டம்பரில் பார் கவுன்சில் கல்லூரிகளுக்குச் சுற்றறிக்கை அனுப்பியது. சம்பளத்துக்கு இருப்பவர்கள் முதலாளியின் தடையில்லாச் சான்றை முறையாக வாங்கிவிட்டே சேருங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, சட்டம் தெரியாத வக்கீலை நம்பி ஒரு தாய் தன் மகனின் ஜாமீன் மனுவைக் கொடுப்பாளே, அவளுக்கு நீ என்ன பதில் சொல்வாய்?

முறை வைத்துக்கொள்ளுங்கள்

அப்படியானால் வழி என்ன? வழி நம் வரலாற்றிலேயே இருக்கிறது.

உமர் (ரலி) அவர்கள் மதீனாவின் மேட்டுப் பகுதியில் குடியிருந்தார்கள். பிழைப்பையும் பார்க்க வேண்டும், நபிகளாரின் சபையில் கல்வியையும் பெற வேண்டும். என்ன செய்தார்கள்? அண்டை வீட்டு அன்சாரித் தோழரோடு முறை வைத்துக்கொண்டார்கள். ஒரு நாள் இவர் போவார், மறுநாள் அவர் போவார். போனவர் அன்று கேட்டதைத் திரும்பி வந்து மற்றவருக்குச் சொல்வார். புகாரியில் பதிவான செய்தி இது.

இதையே நம் கடைகளில் செய்தால் என்ன? மூன்று அண்ணன் தம்பிகள் சேர்ந்து நடத்தும் கடையில் ஒருவரைப் படிக்க அனுப்புங்கள். காலை வகுப்புள்ள கல்லூரி அமைந்தால், அஸருக்குள் அவர் திரும்பிவிடலாம். நம் கடைகளில் வியாபாரம் சூடுபிடிப்பதே மஃக்ரிபுக்குப் பிறகுதானே? மூன்று ஆண்டு அவருடைய பங்கைக் குறைக்காமல் கொடுங்கள். இமாம் அபூ ஹனீஃபா (ரஹ்) அவர்கள் கூஃபாவில் பட்டுத் துணி வியாபாரி. கடையையும் வைத்துக்கொண்டு, ஹம்மாத் (ரஹ்) அவர்களிடம் 18 ஆண்டுகள் சட்டம் பயின்றார்கள். நாம் கேட்பது 3 ஆண்டுதான்!

கடைச் சிப்பந்தியாக இருக்கும் பட்டதாரி இளைஞனுக்கு அண்ணன் தம்பி கடை கிடையாது. அவனுக்கு மஹல்லாதான் அண்ணன், ஜமாஅத்தான் தம்பி. திருமண மண்டபத்துக்குப் பளிங்குக் கல் பதிக்கப் பணம் இருக்கிற ஜமாஅத்துக்கு, ஆண்டுக்கு ஒரு சட்ட மாணவனின் குடும்பச் செலவை ஏற்க முடியாதா?

நிய்யத்தைத் தெளிவாக்குங்கள்

வியாபாரிகள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்று உண்டு. பார் கவுன்சில் விதிகளின்படி, பதிவு செய்த வழக்கறிஞர் நேரடியாக வியாபாரம் செய்யக் கூடாது. முழுநேரச் சம்பள வேலையிலும் இருக்கக் கூடாது. நிர்வாகத்தில் தலையிடாமல், முதல் போட்ட பங்காளியாக மட்டும் இருக்கலாம். தகப்பனார் விட்டுச் சென்ற குடும்ப வியாபாரத்தில் பங்கு தொடரலாம், ஆனால் கல்லாவில் உட்கார முடியாது.

எனவே சேருவதற்கு முன்பே முடிவு செய்யுங்கள். கறுப்பு அங்கி அணியப் போகிறீர்களா? அப்படியானால் கடையைத் தம்பியிடம் ஒப்படைக்கும் காகிதத்தையும் இப்போதே எழுதுங்கள். கடையோடுதான் இருக்கப் போகிறீர்களா? அப்போதும் படிக்கலாம், பதிவு மட்டும் செய்யாதீர்கள். வாடகை ஒப்பந்தத்தையும் காசோலை வழக்கையும் படித்துப் புரிந்துகொள்ளும் ஒரு வியாபாரி, சங்கத்தில் நூறு பேருக்குப் பயன்படுவார். கடனை எழுதி, சாட்சி வைக்கச் சொல்லும் வசனம்தான் குர்ஆனிலேயே மிக நீளமான வசனம் என்பதை மறந்துவிடாதீர்கள்.

பதிவுக் கட்டணத்தை நினைத்து அஞ்சவும் வேண்டாம். பல ஆயிரங்களை வசூலித்து வந்த மாநில பார் கவுன்சில்கள், சட்டத்தில் உள்ள 750 ரூபாய்க்கு மேல் பொதுப் பிரிவினரிடம் வாங்கக் கூடாது என்று 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

மனிதச் சட்டத்தைப் படிக்கலாமா?

சில பெரியவர்கள் இப்படியும் கேட்கிறார்கள். மக்காவில் ஒரு யமன் நாட்டு வியாபாரியின் சரக்கை வாங்கிக்கொண்டு விலை கொடுக்க மறுத்தான் ஒரு குறைஷித் தலைவன். அநீதி இழைக்கப்பட்டவனுக்குத் துணை நிற்போம் என்று அன்று சிலர் கூடி ஒப்பந்தம் செய்தார்கள். ஹில்ஃபுல் ஃபுளூல் என்று பெயர். நபித்துவத்துக்கு முன்பு அதில் கலந்துகொண்ட நபி (ஸல்) அவர்கள், இஸ்லாம் வந்த பிறகும் அத்தகைய அழைப்பு வந்தால் ஏற்பேன் என்றார்கள். நம் அண்டை வீட்டு மாற்று மத ஏழைக்கும் சேர்த்து நீதி கேட்டு வாதாடுவது அந்த வழியில் நடப்பதுதான்.

நம் பெண் மக்களையும் மறந்துவிடாதீர்கள். 1989-ல் இந்திய உச்ச நீதிமன்றத்தின் முதல் பெண் நீதிபதியாக அமர்ந்தவர் ஃபாத்திமா பீவி. ஒரு முஸ்லிம் பெண்மணி. உங்கள் மகளிடம் இதைச் சொல்லியிருக்கிறீர்களா?

ஜமாஅத் நிர்வாகிகளே, வியாபாரப் பெருமக்களே! அடுத்த ஜுமுஆவுக்குப் பிறகு பள்ளியில் பத்துப் பேர் உட்காருங்கள். மஹல்லாவில் பட்டம் பெற்று 25 வயதிலிருந்து 40 வயதுக்குள் இருப்பவர்களைப் பட்டியல் எடுங்கள். அவர்களில் ஒருவரைத் தேர்ந்தெடுங்கள். அவர் கடையை யார் பார்ப்பது, அவர் வீட்டு அடுப்பை யார் பார்ப்பது என்று அங்கேயே பேசி முடித்துவிடுங்கள். அடுத்த சேர்க்கை அறிவிப்பு வரும்போது அவர் கையில் விண்ணப்பம் இருக்க வேண்டும்.

கதவு தட்டப்படும் இரவு இனியும் வரலாம். அன்று தேடி ஓடாமல், நம் தெருவிலேயே ஒரு வீட்டு விளக்கு எரியட்டும். அதற்கு அல்லாஹ் அருள் புரிவானாக!