ஆக்லாந்து பெருசா, பேயர்ன் பெருசா?

ஹாஸ்டலில் சண்டை மூள மூணு மேட்டர் போதும் பாஸ். மெஸ் சாம்பார், காலைநேர பாத்ரூம் க்யூ, ஃபுட்பால். முதல் ரெண்டும் தீராத பிரச்னை. மூணாவதை என் ரூம்மேட் போன வாரம் தீர்த்தே வெச்சுட்டான்... லேப் ரெக்கார்டின் கடைசிப் பக்கத்தில் நாலு வரி ‘ப்ரூஃப்’ போட்டு!

கேள்வி ரொம்பப் பழசு. எந்தக் கண்டத்து லீக் கெத்து? அவன் ஆதாரமாக எடுத்துக்கிட்டது, 2025 ஜூன், ஜூலையில் அமெரிக்காவில் நடந்த கிளப் உலகக் கோப்பை. முதல் முறையாக 32 கிளப்கள், எல்லாக் கண்டங்களில் இருந்தும். அதில் ‘சி’ பிரிவு ரிசல்ட்டை வரிசையா எழுதினான். நியூஸிலாந்தின் ஆக்லாந்து சிட்டி, அர்ஜென்டினாவின் போகா ஜூனியர்ஸோடு 1-1 டிரா. போகா, போர்ச்சுகலின் பென்ஃபிகாவோடு 2-2 டிரா. பென்ஃபிகா, ஜெர்மனியின் பேயர்ன் மியூனிக்கை 1-0 என்று ஜெயித்தது. ஆக, ஏ ஈக்வல் டு பி, பி ஈக்வல் டு சி, சி கிரேட்டர் தேன் டி. எனவே, ஆக்லாந்து சிட்டி பேயர்னைவிடப் பெரிய டீம். நிரூபிச்சாச்சு!

ஒரே ஒரு சிக்கல். அதே பிரிவில் பேயர்ன் ஆக்லாந்தை அடிச்சது 10-0.

(ஆக்லாந்து ஆட்டக்காரர்கள் வேறு வேலை பார்த்துக்கிட்டே ஃபுட்பால் ஆடுறவங்க. போகாவுக்கு எதிராக அந்த கோலைப் போட்ட கிறிஸ்டியன் கிரேவுக்கு வேலை, பள்ளிக்கூடத்தில். அந்த ஸ்கூல் பசங்களை நினைச்சா பொறாமையா இருக்கு.)

சிரிச்சு முடிச்சப்புறம்தான் உறைச்சது. நாம எல்லாருமே டி.வி. முன்னாடி போடுறது இதே ப்ரூஃப்தானே? ‘அல் ஹிலால் மான்செஸ்டர் சிட்டியை எக்ஸ்ட்ரா டைமில் 4-3னு சாய்ச்சுது, அப்போ சவுதி லீக்தான் டாப்பு’ என்று ஒரு கோஷ்டி. அடுத்த ரவுண்டிலேயே அதே அல் ஹிலாலை பிரேசிலின் ஃப்ளுமினென்ஸ் 2-1 என்று வீட்டுக்கு அனுப்பிச்சது. உடனே ‘பிரேசில்தான்டா கிங்கு’ என்று இன்னொரு கோஷ்டி.

ஒரு லீக்குக்குள்ளே ரேங்க் போடுவது ஈஸி. பிரீமியர் லீகில் 20 டீம். ஒவ்வொருவரும் மற்ற எல்லாரோடும் ரெண்டு தடவை மோத, மொத்தம் 380 மேட்ச். ஒரு நாள் அதிர்ஷ்டம், ஒரு நாள் ரெட் கார்டு எல்லாம் அடிபட்டுப் போய், மே மாசம் டேபிள் ஓரளவு உண்மையைச் சொல்லும். கண்டம் தாண்டினால் கதை வேற. அந்த உலகக் கோப்பையில் நடந்தது மொத்தமே 63 மேட்ச். அதிலும் ஃபைனல் உட்பட பல மேட்ச், ஐரோப்பா-ஐரோப்பா. கிராஃப் தியரி படிச்ச மக்களுக்குப் புரியும். ரெண்டு பெரிய வலைக்கு நடுவே நாலைஞ்சு நூல்தான் ஓடுது. அந்த நூலைப் பிடிச்சுக்கிட்டு வலையோட எடையைச் சொல்லுன்னா எப்படி? போதாததுக்கு, ஐரோப்பிய டீம்கள் முழு சீசன் ஆடிக் களைச்சு வந்தாங்க. பிரேசில்காரங்களுக்கு அது சீசன் நடுப்பகுதி.

‘தென் அமெரிக்கா’ என்று மொத்தமாகச் சொல்வதே தப்புன்னு நான் நினைக்கிறேன். பிரேசிலில் இருந்து போன நாலு கிளப்பும் முதல் ரவுண்டைத் தாண்டின. அர்ஜென்டினாவில் இருந்து போன போகா, ரிவர் பிளேட் ரெண்டுமே முதல் ரவுண்டில் அவுட்!

அப்புறம், லீக் என்றால் அதன் முதல் ரெண்டு டீம் மட்டுமா? வால்பக்கத்தையும் பாருங்க. 2024-25 சீசனில் டாட்டன்ஹாம் பிரீமியர் லீகில் 17-வது இடம். இன்னும் ஒரு படி சறுக்கியிருந்தால் கீழ் டிவிஷன். மான்செஸ்டர் யுனைடெட் 15-வது. இந்த ரெண்டு ‘அரியர்’ பார்ட்டிகளும்தான் அந்த வருஷ யூரோப்பா லீக் ஃபைனலில் மோதின. டாட்டன்ஹாம் 1-0. அரியர் வெச்சவன் யூனிவர்சிட்டி ரேங்க் வாங்கின மாதிரி! ஒரு லீகின் பலம் தெரிவது இங்கேதான். அந்த விஷயத்தில் இங்கிலாந்தை அடிச்சுக்க ஆள் இல்லை.

ஆனா, எப்பவுமே இப்படியா இருந்தது? கிடையாது. 1960 முதல் 2004 வரை ஐரோப்பிய சாம்பியனும் தென் அமெரிக்க சாம்பியனும் இன்டர்கான்டினென்டல் கோப்பைக்கு மோதிக்கிட்டாங்க. மொத்தம் 43 கோப்பை. ஐரோப்பா 21, தென் அமெரிக்கா 22! இன்னிக்கு நிலைமை? கடைசியாக ஐரோப்பாவுக்கு வெளியே இருந்து ஒரு கிளப் உலக சாம்பியன் ஆனது 2012-ல். செல்சியை 1-0 என்று ஜெயிச்ச பிரேசிலின் கொரிந்தியன்ஸ்.

நடுவில் நடந்தது ரெண்டு விஷயம். ஒண்ணு, சாட்டிலைட் டி.வி. பணம். இன்னொண்ணு, 1995 டிசம்பரில் வந்த போஸ்மன் தீர்ப்பு. அதுவரை ஒரு டீமில் இத்தனை வெளிநாட்டுக்காரர்தான் என்று லிமிட் இருந்தது. ஐரோப்பிய யூனியன் நாட்டு ஆட்டக்காரர்களை அந்தக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்று கோர்ட் சொல்லிடுச்சு. மிச்சமான இடங்களில் பிரேசில், அர்ஜென்டினா பசங்க வந்து இறங்கினாங்க.

2025-ல் பி.எஸ்.ஜி. ஐரோப்பிய சாம்பியன். அதை 1-0 என்று சாய்த்தது பிரேசிலின் பொட்டாஃபோகோ. கோல், இகோர் ஜீசஸ். அடுத்த மாசமே அவர் நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட்டுக்குப் போயாச்சு! செமி ஃபைனலில் ஃப்ளுமினென்ஸை செல்சி 2-0 என்று ஜெயிச்சது. ரெண்டு கோலும் ஜோவாவ் பெட்ரோ. அவர் ஃபுட்பால் கத்துக்கிட்டு வளர்ந்ததே ஃப்ளுமினென்ஸில்தான். கோல் போட்டுட்டுக் கொண்டாடவே இல்லை மனுஷன். ரசிகர்களைப் பார்த்துக் கையைக் குவிச்சார். எனக்கு என்னவோ மாதிரி ஆயிடுச்சு.

நம்ம காலேஜ் பிரவுச்சரை எடுத்துப் பாருங்க. படிச்சு முடிச்சு வெளியே போன சீனியர்களின் போட்டோதான் ஃப்ரன்ட் பேஜ். அதுதான் காலேஜோட பலமாம். ஃபுட்பால் ரேங்கிங்கில் அப்படியே உல்ட்டா. பயிர் வெச்சவனுக்கு மார்க் கிடையாது, அறுத்தவனுக்குத்தான். செல்சி ஃபைனலில் பி.எஸ்.ஜி.யை 3-0 என்று நொறுக்கி கோப்பையைத் தூக்கிச்சு. அதில் ஒரு கோல் ஜோவாவ் பெட்ரோவோடது. எல்லாரும் எழுதினது, ‘இங்கிலாந்து லீக் வென்றது!’

இதையெல்லாம் சொன்னதும் ரூம்மேட் ப்ரூஃபைக் கிழிச்சுப் போட்டுட்டு, எக்ஸெல் ஷீட் ஓப்பன் பண்ணிட்டான். கண்டத்துக்கு ஒரு காலம், கோல் கோலா நிரப்பிக்கிட்டு வந்தான். கால் இறுதி வந்ததும் மாட்டிக்கிட்டான். பால்மெய்ராஸ்-செல்சி மேட்ச். பால்மெய்ராஸுக்காக 18 வயசு எஸ்தெவாவ் ஒரு சூப்பர் கோல் போட்டார். செல்சி 2-1 என்று ஜெயிச்சது. ஆனா, எஸ்தெவாவை செல்சி ஒரு வருஷம் முன்னாடியே விலை பேசி முடிச்சிருந்தது. 18 வயசு ஆகாம ஐரோப்பாவுக்குப் போக முடியாது, அதனால வெயிட்டிங். அந்த மேட்ச்தான் பால்மெய்ராஸில் அவருக்குக் கடைசி மேட்ச். தான் போகப்போற டீமுக்கே கோல் போட்டுட்டுக் கிளம்பினார்.

“இதை எந்தக் காலத்துலடா போடுறது?” என்றான். ரெண்டு நாளா அந்த செல் காலியாத்தான் கிடக்கு.