உழைப்பு வேற, பயிற்சி வேற

பழவேற்காடு பாலத்தைத் தாண்டி லைட்ஹவுஸ் குப்பம் கடற்கரைக்கு ஞாயித்துக்கிழமை போனீங்கன்னா, மீன் வாங்க வர்றவங்களைவிட செல்போன்ல படம் எடுக்க வர்றவங்கதான் அதிகமா இருப்பாங்க. நான் நண்டு வாங்கப் போவேன். அங்க எனக்கு ஒரு பழைய சிநேகிதர் இருக்கார். நான் மாமான்னு கூப்பிடுவேன், அவர் மாப்ளேன்னுவார். நான் நிலத்துல, அவர் தண்ணியில.

போன வருஷம் ஒரு நாள், ஏழெட்டுப் பேர் சேர்ந்து ஒரு ஃபைபர் போட்டை மணல்ல தள்ளி மேல ஏத்திக்கிட்டு இருந்தாங்க. பக்கத்துல நின்ன சென்னைத் தம்பி ஒருத்தர், ஜிம்முக்குப் போய் நல்லா ஏத்தின உடம்பு, அசந்துபோய் சொன்னார்: "இவங்களுக்கெல்லாம் ஜிம்மே தேவையில்லண்ணே. வேலையே எக்சர்சைஸ்தான்."

நானும் சிரிச்சு வெச்சேன். போட்டு ஏறினதும் மாமா வலையில சிக்கின மீனைப் பிரிக்க உக்காந்தார். முக்கால் மணி நேரம். எழுந்துக்கும்போது ஒரு கையைப் போட்டு விளிம்புல ஊனி, இன்னொரு கையை என் தோள்ல ஊனி, "யம்மா"ன்னு ஒரு முனகலோட நிமிர்ந்தார். அவருக்கு வயசு 51. சின்ன வயசுலேர்ந்து தினமும் "எக்சர்சைஸ்" பண்றவர்.

வேலையே உடற்பயிற்சின்னு அந்தத் தம்பி மட்டும் சொல்லல. டவுன்ல இருந்து வர்ற சொந்தக்காரங்க, டாக்டருங்க, ஏன் நாங்களேகூட சொல்லிக்கிறோம். இது தப்புங்கிறது என் கருத்து. தப்புன்னு நான் கத்துக்கிட்டது என் முதுகை வெச்சு. நாலு வருஷம் முன்னாடி நடவு சமயத்துல குனிஞ்சு ஒரு யூரியா மூட்டையைத் தூக்கினேன், இடுப்புல பிடிச்சுக்கிச்சு. பதினோரு நாள் படுக்கை. அப்புறம் பார்த்த பிசியோதெரபிஸ்ட் அம்மா படுத்துக்கோன்னு சொல்லல; தூக்கிப் பழகுன்னாங்க. முதல்ல ஒண்ணுமில்லாம குனிஞ்சு நிமிர, அப்புறம் ரெண்டு கிலோ, அப்புறம் அஞ்சு கிலோ. "ஏம்மா, நான் முப்பது வருஷமா மூட்டை தூக்குறவன்"னேன். "தூக்குனீங்க, பழகலையே"ன்னாங்க. அன்னிக்குப் புரியல. அப்புறம் தேடிப் படிச்சப்போதான் புரிஞ்சுது.

உடம்பைப் பலப்படுத்துறதுக்கு அடிப்படையான விதி ஒண்ணு இருக்கு. உடம்பு தனக்குப் பழகினதைவிடக் கொஞ்சம் கூடுதலான சுமையைச் சந்திக்கணும். அதுக்கு ஏத்த மாதிரி மாறிக்கணும். மாறினப்புறம் இன்னும் கொஞ்சம் கூட்டணும். 1940-கள்ல, ரெண்டாம் உலகப்போர்ல காலும் முட்டியும் அடிபட்டு வந்த சிப்பாய்களுக்கு தாமஸ் டிலோர்ம்னு ஒரு அமெரிக்க ராணுவ டாக்டர் இப்படித்தான் சிகிச்சை கொடுத்தார். பத்து தடவை மட்டும் தூக்க முடியுற எடை எதுன்னு கண்டுபிடிக்கிறது, பலம் கூடக் கூட எடையைக் கூட்டுறது. இன்னிக்கு ஜிம்முல எண்ணுற "பத்து, மூணு செட்" கணக்குக்கு வேர் அங்கதான் இருக்கு.

இப்ப எங்க வேலையைப் பாருங்க. யூரியா மூட்டை 2018 வரைக்கும் 50 கிலோ, அதுக்கப்புறம் 45. (உரச் செலவைக் குறைக்கத்தான் குறைச்சாங்க, எங்க முதுகை நினைச்சு இல்ல.) நேரடி கொள்முதல் நிலையத்துல நெல்லு சிப்பம் 40 கிலோ, மண்டிக்குப் போனா மூட்டை 75 கிலோ. சர்வதேச தொழிலாளர் அமைப்பு 1967-லயே ஒரு ஆம்பளை தூக்குறதுக்கு 55 கிலோவுக்கு மேல வேணாம்னு பரிந்துரை பண்ணியிருக்கு. அது இருக்கட்டும். நான் சொல்ல வர்றது, மூட்டை உங்க வயசைக் கேக்காது. இருபது வயசுலயும் 75, அறுபது வயசுலயும் 75. பயிற்சியில எடை உடம்புக்கு ஏத்த மாதிரி மாறும். வேலையில உடம்புதான் எடைக்கு ஏத்த மாதிரி வளையணும். வளைஞ்சு வளைஞ்சு ஒரு நாள் நிமிராம போயிடும்.

ரெண்டாவது விதி: எதைச் செய்றோமோ அதுதான் வரும். குப்பத்துப் பையன் ஒருத்தன் போலீஸ் தேர்வுக்குத் தயாரானான். பத்து வயசுலேர்ந்து வலைக் கயிறு இழுக்குறவன், உள்ளங்கை காய்ச்சுப்போன பையன். உடல்திறன் தேர்வுல கயிறு ஏறுதல் உண்டு. நமக்குத் தண்ணி பட்ட பாடுன்னு நினைச்சுப் போனவன் பாதிக் கயிறுகூட ஏறல. ஏன்னா மணல்ல காலை ஊனி, நாலு பேரோட சேர்ந்து, உடம்பைப் பின்னால சாய்ச்சு இழுக்கிறது ஒரு வேலை; தன் உடம்பைத் தானே மேல தூக்குறது வேற வேலை. அப்புறம் தொங்கிப் பழகினான், மேலேர்ந்து மெதுவா இறங்கிப் பழகினான், ஒன்றரை மாசத்துல ஏறிட்டான். 1500 மீட்டரை ஏழு நிமிஷத்துல ஓடுறதுக்கும் தனியாத்தான் பழக வேண்டியிருந்துது. போட்டுல நின்ன காலுக்கு ஓட்டம் தெரியாது.

வேலை உடம்புல ஒரு சில இடத்தை மட்டும்தான் கவனிக்கும். நடவு நடுற பொம்பளைங்க நாள் முழுக்கக் குனிஞ்சே இருப்பாங்க. நிமிர்ற பலம் எங்கேர்ந்து வரும்? ஏரியில தண்ணிக்குள்ள உக்காந்து கையால இறால் தடவிப் பிடிக்கிற பொம்பளைங்களும் அப்படித்தான்.

மூணாவது விதிதான் எங்களுக்கு ரொம்பத் தூரம். ஓய்வு. தசை தூக்கும்போது வளர்றதில்ல; தூக்கினதுக்கு அப்புறம், தூக்கத்துலயும் சாப்பாட்டுலயும்தான் வளரும். அதனாலதான் ஒரே தசைக்கு அடுத்தடுத்த நாள் கடுமையான பயிற்சி கொடுக்க மாட்டாங்க. இது எங்களுக்குத் தெரியாத தத்துவமா? நிலத்தைத் தரிசு போடுறோம். கடல்ல மீன் குஞ்சு பொரிக்கட்டும்னு ஏப்ரல் 15-லேர்ந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் விசைப்படகு போகக்கூடாதுன்னு தடை இருக்கு. பழவேற்காடு ஏரியிலயும் "பாடு"ன்னு முறை வெச்சுத்தான் வலை போடுறாங்க. மண்ணுக்கு முறை, கடலுக்கு முறை, ஏரிக்கு முறை. உடம்புக்கு மட்டும் எந்த முறையும் இல்ல.

இன்னொரு ஆபத்தும் இதுலதான் இருக்கு. எங்க வேலை சீசன் வேலை. ரெண்டு மாசம் பெருசா ஒண்ணும் இருக்காது. திடீர்னு நடவு வரும், அறுவடை வரும், பத்து நாள் பேய் மாதிரி உழைக்கணும். சும்மா இருந்த உடம்புல ஒரே நாள்ல முழுச் சுமையும் ஏறும். என் இடுப்பு பிடிச்சுக்கிட்டது நடவோட ரெண்டாம் நாள். அது தற்செயல் இல்லன்னு இப்ப எனக்குத் தெரியும்.

"அப்ப உழைக்கிறவனுக்கு வியாதி வராதுன்னு சொல்றது?"ன்னு கேப்பீங்க. அதுலயும் பாதிதான் உண்மை. 1953-ல லண்டன் பஸ்ஸுல ஜெரமி மாரிஸ்னு ஒரு டாக்டர் பார்த்தார்: நாள் முழுக்க உக்காந்திருக்கிற டிரைவரைவிட, மாடி பஸ்ல ஏறி இறங்குற கண்டக்டருக்கு மாரடைப்பு குறைவு. அசைவு நல்லதுன்னு உலகத்துக்குச் சொன்ன ஆராய்ச்சி அது. ஆனா 2021-ல டென்மார்க்ல கோபன்ஹேகன் ஆராய்ச்சி ஒண்ணு வந்துது. ஒரு லட்சத்துக்கும் மேல ஆளுங்க. ஓய்வு நேரத்துல உடம்பை அசைக்கிறவங்களுக்கு ஆயுசு கூடுது; வேலையில கடுமையா உழைக்கிறவங்களுக்கு அப்படிக் கூடல, ஆபத்துதான் அதிகமா தெரிஞ்சுது. வறுமையும் வேற காரணங்களும் இதுல கலந்திருக்கலாம்னு வாதம் இருக்கு. இருக்கலாம். ஆனா எங்க ஊரைப் பார்த்தவங்களுக்கு இது ஆச்சரியமா இருக்காது.

"அந்தக் காலத்துல இளவட்டக் கல்லைத் தூக்கினாங்களே"ன்னும் கேப்பீங்க. சரியான உதாரணம்தான். நெல்லை மாவட்டம் வடலிவிளையில இன்னிக்கும் பொங்கலுக்கு இளவட்டக் கல் தூக்குற போட்டி நடக்குது. அதைத் தூக்குற பசங்க வேலை செய்ற பழக்கத்துல தூக்கல. தனியாப் பழகித் தூக்குறாங்க. முதல்ல முட்டி வரைக்கும், அப்புறம் நெஞ்சுக்கு, அப்புறம் தோளுக்கு. தண்டால், பஸ்கி, கர்லாக்கட்டைன்னு நம்ம ஆளுங்க வெச்சிருந்ததே வேலை வேற, பயிற்சி வேறன்னு தெரிஞ்சுதான். நாமதான் மறந்துட்டோம்.

சாப்பாட்டுக்கு வருவோம். ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2020-ல சொன்ன கணக்கு, ஒரு கிலோ உடம்பு எடைக்கு 0.83 கிராம் புரதம். 60 கிலோ ஆளுக்கு 50 கிராம். பலம் கூட்டுற பயிற்சி செஞ்சா 70-லேர்ந்து 90 வரைக்கும் வேணும். ஒரு தட்டு சோத்துல எட்டு கிராம்தான் இருக்கும். குப்பத்துல விலை போற இறாலும் நண்டும் ஐஸ் பெட்டிக்குப் போயிடும். வீட்டுக்கு வர்றது பொடி மீன். பரவாயில்ல, பொடி மீன்லயும் 100 கிராமுக்குக் கிட்டத்தட்ட 20 கிராம் புரதம் உண்டு. குறை மீன்ல இல்ல, குழம்புல மிதக்குற ரெண்டு துண்டுல இருக்கு. அதுலயும் ஆம்பளைக்குப் போட்டது போக மிச்சம்தான் பொம்பளைக்கு.

மாமாவுக்கு நான் சொன்னது இவ்வளவுதான். வாரத்துல ரெண்டு நாள், அரைமணி நேரம். உலக சுகாதார நிறுவனம் 2020-ல சொன்னதும் வாரம் ரெண்டு நாள் தசைப் பயிற்சி வேணும்னுதான். போட்டு விளிம்பைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்து எழுந்திருக்கணும், பழகினதும் பிடிக்காம. அதே விளிம்புல கை ஊனி சாய்வா தண்டால். அஞ்சு லிட்டர் கேன்ல தண்ணி ஊத்தினா அஞ்சு கிலோ. முதுகை வளைக்காம, இடுப்பை மடக்கித் தரையிலேர்ந்து தூக்கணும். ரெண்டு கையிலயும் கேனைப் பிடிச்சு மணல்ல நடக்கணும். எட்டு தடவை செய்ய முடியுற அளவுல ஆரம்பிக்கணும். பன்னெண்டு தடவை சுலபமா வந்ததும் தண்ணியைக் கூட்டணும், அப்புறம் தண்ணிக்குப் பதிலா மணல். கடலுக்குப் போய்ட்டு வந்து களைச்சுக் கிடக்குற நாள்ல வேணாம். பிரஷர், இருதயக் கோளாறு, குடலிறக்கம் இருந்தா டாக்டரைக் கேக்காம ஆரம்பிக்கவும் வேணாம்.

"உழைச்சு செத்தவன்கிட்ட கேன் தூக்கச் சொல்றியே மாப்ளே"ன்னு திட்டினார். திட்டுறதுல நியாயம் இருக்கு. 75 கிலோ மூட்டையை அப்படியே விட்டுட்டு, தூக்குறவனைப் பார்த்து பலத்தைக் கூட்டிக்கோன்னு சொல்றது அநியாயம். மூட்டையும் சின்னதாகணும், போட்டை ஏத்துறதுக்கு டிராக்டரோ வின்ச்சோ வரணும். ஆனா அது வர்ற வரைக்கும் மாமாவோட முட்டி காத்திருக்காதே.

சேதி என்னன்னா, எட்டு மாசம் ஆச்சு, மாமா இப்ப வலை பிரிச்சுட்டுக் கையை ஊனாம எழுந்துக்கிறார். அவர் சம்சாரம்தான் இன்னும் வேகம். பொன்னேரி மார்க்கெட்டுக்கு அன்னக்கூடையில மீன் கொண்டுபோற அத்தை, ரெண்டு கேனையும் மணலால ரொப்பிட்டாங்க. "முட்டி வலி போச்சா மாமா?"ன்னு கேட்டேன். "முழுசாப் போவல, ஆனா கெஞ்ச வேண்டியதில்ல"ன்னார். அவ்வளவுதான் பலன். அதிசயம் ஒண்ணும் நடக்கல.

டவுன்ல இருக்கிற உங்களுக்குச் சொல்றதுக்கு ஒண்ணு இருக்கு. ஊர்ல இருக்கிற அப்பா அம்மாவுக்குப் போன் பண்ணும்போது "வாக்கிங் போங்க"ன்னு சொல்வீங்க, இல்ல "உங்களுக்கென்ன, உழைச்ச உடம்பு"ன்னு விட்டுடுவீங்க. ரெண்டும் போதாது. 1990-ல பாஸ்டன்ல தொண்ணூறு வயசைத் தொட்டவங்களுக்கு எட்டு வாரம் எடை தூக்கக் கத்துக் கொடுத்தாங்க. தொடைப் பலம் ரெண்டு மடங்குக்கு மேல கூடிச்சு. அதனால வயசாயிடுச்சுன்னு சொல்ல இடமில்ல. அடுத்த தடவை ஊருக்கு வரும்போது, ஜிம்முல காசு கட்டி நீங்க கத்துக்கிட்டதை அவங்களுக்குச் சொல்லிக் கொடுங்க. நாற்காலியிலேர்ந்து கையை ஊனாம பத்து தடவை எழுந்து உக்காரச் சொல்லுங்க. அதுல ஆரம்பிக்கலாம்.