கோலம் போட வந்தவர் கழுத்து

பள்ளி விடுமுறைக்குப் பேரன் வந்தால் எங்கள் வீட்டு டி.வி. ரிமோட் எனக்குக் கிடையாது. இந்த முறை 'சன்ஸ் ஆஃப் அனார்க்கி' என்ற அமெரிக்கத் தொடர். கலிபோர்னியாவில் சார்மிங் என்று ஒரு கற்பனை ஊர். அங்கே ஹார்லி டேவிட்சனில் சுற்றும் ஒரு கும்பல். வெளியே பார்த்தால் மெக்கானிக் ஷெட், உள்ளே துப்பாக்கி வியாபாரம். 2008 முதல் 2014 வரை ஏழு சீசன் ஓடியிருக்கிறது.

சும்மா சொல்லக் கூடாது, பார்க்க நன்றாகத்தான் இருந்தது. தாடியும் தோல் ஜாக்கெட்டுமாக அவர்கள் வரிசையாகப் போகும்போது, போலீஸிடம் மாட்டிக்கொள்ளக் கூடாதே என்று நானே நினைத்தேன். அறுபது வயதுக்கு மேல் எனக்கு ஏன் இந்தப் புத்தி?

ஆறாவது சீசனின் முதல் எபிசோடில்தான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். இடையிடையே ஒரு சிறுவன் வந்து போகிறான். யார் என்று சொல்வதில்லை. கடைசியில் பள்ளிக்கூடத்துக்குள் போகிறான், வெடிச் சத்தம் கேட்கிறது. அந்தத் துப்பாக்கி நம் கதாநாயகர்கள் கைமாற்றி விட்ட சரக்கு. இது ஒளிபரப்பானது 2013 செப்டம்பரில். சாண்டி ஹூக் பள்ளியில் 20 குழந்தைகளும் 6 பெரியவர்களும் சுட்டுக் கொல்லப்பட்டு ஒரு வருடம்கூட ஆகவில்லை. பெற்றோர் அமைப்பு ஒன்று கடுமையாகக் கண்டித்தது. அவர்கள் கோபம் நியாயம்தான். ஆனாலும் அந்த எபிசோடு வந்தது நல்லதென்றே எனக்குப் படுகிறது. ஐந்து சீசனாகக் கும்பலை ரசித்தவர்களிடம் அதன் கணக்கை எடுத்து நீட்டிவிட்டது.

நம் ஊர்ப் படம் ஒன்று உடனே ஞாபகம் வந்தது. 2022 பிப்ரவரியில் வந்த 'வலிமை'. எச்.வினோத் இயக்கம். மதுரையில் வேலை பார்க்கும் போலீஸ் அதிகாரி அஜித், சென்னைக்கு மாற்றலாகி, சங்கிலி பறிக்கும், போதைப்பொருள் கடத்தும் பைக் கும்பலைத் துரத்துகிறார். எடுத்துக்கொண்ட விஷயம் நம் தெரு விஷயம். ஆனால் படம் முடிந்து வெளியே வந்தபோது என் மனதில் நின்றது வண்டிகள் பறந்ததுதான். சங்கிலியைப் பறிகொடுத்த பெண் ஒருத்தியின் முகம்கூட நிற்கவில்லை. நண்பர் ஒருவர், "சினிமாவை சினிமாவாப் பாருங்கண்ணே" என்றார். பார்க்கலாம். நான் மட்டும் அப்படிப் பார்க்க முடியாமல் போனதற்கு ஒரு காரணம் உண்டு.

எங்கள் தெருவில் ஒரு அம்மா. மார்கழியில் விடியுமுன் வாசல் தெளித்துக் கோலம் போட்டுக்கொண்டிருந்தார். இரண்டு பேர் பைக்கில் வந்து விலாசம் கேட்டிருக்கிறார்கள். நிமிர்ந்தார், அவ்வளவுதான். தாலிச் சங்கிலியை அவர் விடாமல் பிடித்துக்கொண்டதால் நாலு அடி தூரம் இழுபட்டார். நாங்கள் ஓடிப் போனபோது கோலமாவு டப்பா ஒரு பக்கம், அவர் ஒரு பக்கம். கழுத்தில் சங்கிலி அறுத்த கோடு சிவப்பாக, கயிறு போட்டு இழுத்த மாதிரி. "அண்ணே, வழிதான் கேட்டாங்க, பாவம்னு நிமிர்ந்தேன்" என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னார். நகை போனதைவிட அதுதான் அவருக்குத் தாங்கவில்லை.

2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் பறிப்புக்கென்றே தனியாக 304-ஆம் பிரிவு இருக்கிறது. மூன்றாண்டு வரை சிறை, அபராதமும் உண்டு. பழைய தண்டனைச் சட்டத்தில் அப்படித் தனிப் பிரிவு கிடையாது. திருட்டு அல்லது கொள்ளை என்றுதான் வழக்குப் போடுவார்கள். தனிப் பிரிவு வந்ததில் எனக்குச் சந்தோஷம்தான்.

பேரனிடம் இந்தக் கதையைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அந்தப் பாட்டி இப்ப எப்படி இருக்காங்க தாத்தா?" என்று கேட்டான்.

நன்றாக இருக்கிறார். மஞ்சள் கயிறுதான் கட்டியிருக்கிறார். கோலத்தை இப்போது கேட்டுக்கு உள்பக்கம் போடுகிறார். யாராவது வழி கேட்டால் நிமிராமலே கையை மட்டும் காட்டுகிறார்.